அடிபட்டவர் எந்த வாசலைத் தட்டுவது? ஊர், ஸ்டேஷன், கோர்ட்: ஓர் ஒப்பீடு

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தில் கடைமடை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் ஈரம் தெரிய நாளாகும். சில வருடங்களுக்கு முன்பு, குறுவைக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, மடையில் வந்த தகராறில் என் சித்தப்பா மகனை மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டார்கள். இடது முன்கை. துண்டால் கட்டி, பைக்கில் நடுவில் உட்காரவைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மணி பதினொன்றுக்கு மேல்.

"என்னாச்சு?" என்று கேட்டார் டூட்டி டாக்டர். தம்பி வாயைத் திறப்பதற்குள் கூட வந்திருந்த ஊர்ப் பெரியவர் பதில் சொல்லிவிட்டார்: "வரப்புல வழுக்கி விழுந்துட்டான் சார்." டாக்டர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். பதிவேட்டில் அதையே எழுதிக்கொண்டார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஊர் கூடியது. நாற்பதாயிரம் கொடுப்பது என்று பேசி, பதினைந்தாயிரத்தைக் கையில் கொடுத்தார்கள். மீதி அறுவடைக்கு அப்புறம். அறுவடை முடிந்தது, தாளடியும் முடிந்தது, மீதி வரவில்லை. எலும்பு கோணலாகக் கூடி, இரண்டு விரல் முழுதாக மடங்காமல் போனது. வேறு வழியில்லாமல் காவல் நிலையத்துக்குப் போனபோது முதல் கேள்வியே, "ஆஸ்பத்திரி சீட்டில் கீழே விழுந்ததாகத்தானே இருக்கிறது?" என்பதுதான். அந்த ஒரு வரியைத் தாண்டி எங்களால் அடுத்த படி ஏற முடியவில்லை.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் யாருக்காவது இப்படி ஒன்று நடந்தால் என்னிடம் கேட்கிறார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஊரில் பேசி முடித்துக்கொள்ளலாமா, ஸ்டேஷனுக்குப் போகலாமா, இல்லை நேரே கோர்ட்டா?" எனக்குத் தெரிந்தவரை ஒவ்வொரு வழியிலும் கிடைப்பது என்ன, கைவிட்டுப் போவது என்ன என்று இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவை ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்டுவிட வேண்டிய வழிகள் அல்ல. எதை முதலில் செய்கிறோம், எதைப் பிறகு செய்கிறோம் என்பதில்தான் ஜெயிப்பதும் தோற்பதும் இருக்கிறது.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றித் தனியாக ஒரு படிப்பே இருக்கிறது. விக்டிமாலஜி என்பார்கள். இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் பெஞ்சமின் மெண்டல்சோன், ஹான்ஸ் வான் ஹென்டிக் போன்றவர்கள் தொடங்கி வைத்தது. ஆரம்பத்தில் அந்தப் படிப்பு கேட்ட கேள்வியே, நடந்ததில் அடிபட்டவரின் பங்கு எவ்வளவு என்பதுதான். மெண்டல்சோன், துளியும் தப்பில்லாதவர் தொடங்கி முழுத் தப்பும் தன்னுடையதாக உள்ளவர் வரை வகை பிரித்தார். படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர்க் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. "நீ ஏன் அந்த நேரத்தில் மடைக்குப் போனாய்?" என்றுதான் தம்பியையும் முதலில் கேட்டார்கள். பிற்பாடு அந்தப் படிப்பு திசை மாறியது. குற்றம் ஒரு முறை காயப்படுத்துகிறது, அதற்குப் பிறகு போலீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட், சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து இரண்டாம் முறை காயப்படுத்துகின்றன என்பதைக் கவனிக்கத் தொடங்கினார்கள். 1985 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை, பாதிக்கப்பட்டவர்களுக்கு மரியாதையான நடத்தை, தகவல், இழப்பீடு, உதவி ஆகியவை கிடைக்க வேண்டும் என்று ஒரு பிரகடனம் வெளியிட்டது. நம் நாட்டுச் சட்டத்துக்கு அது வந்து சேர இன்னும் நாளானது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்கு விளக்கமே 2009 டிசம்பர் 31 முதல்தான் வந்தது. அதுவரை அடிபட்டவர் வழக்கில் ஒரு சாட்சி, அவ்வளவுதான். தண்ணீர் திறந்துவிட்டதாக அறிவிப்பு வரும், வயலுக்கு வராது. நியாயத்தின் கடைமடையில் அவர் நின்றிருந்தார்.

ஊர்க்கூட்டம்

இதை மட்டமாகப் பேசிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. டெல்டா கிராமத்தில் அடித்தவரும் அடிபட்டவரும் நாளைக்கும் ஒரே வாய்க்காலில்தான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஒரே களத்தில்தான் நெல்லைக் காயப்போட வேண்டும். ஊரில் பேசினால் அன்றைக்கே மருத்துவச் செலவுக்குக் கொஞ்சம் பணம் வரும். அடித்தவர் எல்லார் முன்னாலும் தப்பை ஒத்துக்கொள்வது கோர்ட்டில் பத்து வருடம் அலைந்தாலும் கிடைக்காத ஒன்று. நாகை, மயிலாடுதுறை கடலோரத்தில் மீனவர் பஞ்சாயத்தார் சொன்னால் அது நடக்கும். எந்த நீதிமன்றத்துக்கும் அந்த வேகம் கிடையாது.

நில்ஸ் கிறிஸ்டி என்ற நார்வே குற்றவியல் அறிஞர் 1977இல் ஒரு வாதத்தை வைத்தார். தகராறு என்பது அதில் சம்பந்தப்பட்டவர்களின் சொத்து, அதை அரசும் வக்கீல்களும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்றார். ஊர்ப் பஞ்சாயத்தை ஆதரிப்பவர்களுக்கு இது இனிக்கும். ஆனால் எங்கள் கூட்டத்தில் நான் பார்த்தது வேறு. தம்பியின் தகராறை முதலில் எடுத்துக்கொண்டதே ஊர்தான். அவன் ஓர் ஓரமாகக் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். தொகையை முடிவு செய்தபோது யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பேசியவர்கள் எல்லாம் நிலம் உள்ளவர்கள், வயதானவர்கள், ஆண்கள். இரண்டு தரப்புக்கும் நிலமும் ஆள்பலமும் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் ஊர்க்கூட்டம் நியாயமாக நடக்கும். ஒரு தரப்பு குத்தகைக்காரர், கூலிக்காரர், பெண், ஒதுக்கப்பட்ட சாதி என்றால், சமரசம் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் அடக்கிவைப்பதுதான்.

சட்டப்படியும் ஊர்த் தாளுக்குப் பலமில்லை. சமரசத்துக்கு இடமில்லாத ஒரு குற்ற வழக்கைக் கைவிடுவதற்காகப் பணம் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவு, கொள்ளை வழக்கை விட்டுவிடுவதாகவும் பதிலுக்குப் பொருளின் மதிப்பைத் திருப்பித் தருவதாகவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தையே உதாரணமாகச் சொல்கிறது. மீதிப் பணத்தைக் கேட்டு அந்தத் தாளோடு எங்கேயும் போக முடியாது. காலமும் ஓடும். ஓராண்டுவரை மட்டுமே தண்டனை உள்ள சாதாரணக் காயக் குற்றத்துக்கு ஓராண்டுக்குள் புகார் பதிவாகியிருக்க வேண்டும், தாண்டினால் பொதுவாக நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்காது. "தை போகட்டும், அறுவடை போகட்டும்" என்று தள்ளிக்கொண்டே போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்தே இருக்கும்.

சில குற்றங்களை ஊரில் பேசவே கூடாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் சொல்லாமல் விடுவதே போக்சோ சட்டத்தில் குற்றம். பாலியல் வன்கொடுமை, கொலை முயற்சி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் சாதிக் குற்றம், இவையெல்லாம் "பேசி முடிப்போம்" என்று யார் வந்தாலும் கதவைச் சாத்த வேண்டியவை.

காவல் நிலையம்

ஸ்டேஷனுக்குப் போவது என்று முடிவெடுத்தாலும், அதற்குள்ளேயே இரண்டு வழி பிரிகிறது. நம் ஆட்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது தருவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு "கேஸ் போட்டாச்சு" என்று நிம்மதியாக வீட்டுக்கு வருபவர்கள் ஏராளம். அது வழக்கு அல்ல. மனு வந்து சேர்ந்ததற்கான சீட்டு மட்டுமே. வழக்கு என்றால் எஃப்.ஐ.ஆர்., முதல் தகவல் அறிக்கை. அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ காசு வாங்காமல் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கையில் இருக்கும் தாளில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வழக்கு இன்னும் பிறக்கவில்லை.

சி.எஸ்.ஆர். போட்டு இரண்டு தரப்பையும் வரச்சொல்லிப் பேசிவிடுவது நிலையத்துக்கும் சுலபம். வார்த்தைத் தகராறு, வேலித் தகராறு, அண்ணன் தம்பிக்குள் கைகலப்பு என்றால் அதில் தவறில்லை என்பதே என் எண்ணம். வெறும் கையால் அடித்த சாதாரணக் காயத்தில் நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) உத்தரவில்லாமல் போலீஸ் புலனாய்வு செய்யவும் முடியாது. ஆனால் எலும்பு முறிந்தால் கதை வேறு. எலும்போ பல்லோ முறிந்தாலும் இடம் பெயர்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது கொடுங்காயம். அதில் போலீஸ் நேராக வழக்குப் பதிய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பதினைந்து நாள் கடும் வலியில் கிடந்தாலும், அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலும் அதுவும் கொடுங்காயம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது இருபது நாளாக இருந்தது. அதனால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். "வீக்கம்தான், சரியாப் போயிடும்" என்று யார் சொன்னாலும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்று ஒரு பதிவு போடுவார்கள். யார், எதனால், எத்தனை மணிக்கு, எங்கே அடித்தார்கள் என்று அடிபட்டவர் சொல்வதை அதில் எழுதுவார்கள். தகராறில் பட்ட அடி என்று அதில் இருந்தால் மருத்துவமனையிலிருந்தே நிலையத்துக்குத் தகவல் போகும், வார்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்குவார்கள். "கீழே விழுந்தேன்" என்று இருந்தால் தகவல் போகாது. பின்னாளில் குறுக்கு விசாரணையில் எதிர்தரப்பு வக்கீல் எடுத்து நீட்டும் முதல் தாளும் அதுவாகத்தான் இருக்கும். ஊரில் பேசி முடிப்பது என்று நீங்கள் ஏற்கெனவே தீர்மானித்திருந்தாலும் சரி, டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். உண்மையைப் பதிந்துவைத்துவிட்டுச் சமரசத்துக்குப் போகலாம். பொய்யைப் பதிந்துவிட்டால் அப்புறம் போவதற்கு இடமில்லை.

எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால்? 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் பதிந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. புதிய நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. கும்பகோணத்தில் அடிபட்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் தஞ்சாவூரிலேயே கொடுக்கலாம். மின்னணு வழியில் அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போடலாம். ஒன்றும் நடக்கவில்லையென்றால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வாசலுக்கு அதுதான் சாவி.

"நீ கேஸ் கொடுத்தால் உன் மேலயும் கேஸ் வரும்" என்ற பேச்சு கட்டாயம் வரும். இது வெறும் மிரட்டலாக இல்லாமல் உண்மையாகவே நடக்கவும் நடக்கும். எதிர்ப்புகார் வாங்குவது சாதாரணம். அதற்குப் பயந்து பின்வாங்கியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கோர்ட்டுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஆனால் முதலில் போனவரின் காயமும் நேரமும் தேதியும் தாளில் ஏறியிருக்கும். எதிர்ப்புகார் மறுநாள் மதியம் வந்தால், அது மறுநாள் மதியம் வந்தது என்பதும் தாளில் இருக்கும்.

பெண்களுக்கு வீட்டுக்குள் நடக்கும் வன்முறை என்றால் மகளிர் காவல் நிலையம் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். அங்கே பெரும்பாலும் முதலில் இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேராகவோ நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, வீட்டில் இருக்கும் உரிமை, பாதுகாப்பு உத்தரவு, செலவுக்குப் பணம் எல்லாம் கேட்கலாம். கணவரை ஜெயிலுக்கு அனுப்ப விருப்பமில்லை, அடி மட்டும் நின்றால் போதும் என்று சொல்கிற அக்கா தங்கச்சிகள் நிறையப் பேர். அவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். 181க்கு ஒரு போன் போட்டால் தொடங்கிவிடலாம்.

நேரே கோர்ட்டும் மக்கள் நீதிமன்றமும்

நேரே நீதிமன்றத்துக்குப் போவதும் இரண்டு வகை. எஸ்.பி. வரை போயும் பதியவில்லையென்றால், பிரமாணப் பத்திரத்தோடு நடுவரிடம் மனுப் போட்டு, புலனாய்வு செய்யப் போலீசுக்கு உத்தரவிடுங்கள் என்று கேட்கலாம். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 175ஆம் பிரிவு. இல்லையென்றால் தனிப் புகார், அதே சட்டத்தின் 223ஆம் பிரிவு. அதில் சாட்சி கொண்டுவருவது, ஆவணம் சேர்ப்பது எல்லாம் உங்கள் தலையில். புதிய சட்டத்தில் எதிர்தரப்பையும் கேட்ட பிறகே நடுவர் புகாரை விசாரணைக்கு ஏற்க வேண்டும். வக்கீல் செலவுக்கும் அலைச்சலுக்கும் தெம்பிருந்தால் போகலாம். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு முதல் வழியாக இதை நான் சொல்லமாட்டேன்.

சமரசம்தான் வேண்டும் என்பவருக்கு லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றம் ஊர்க்கூட்டத்தைவிடப் பல மடங்கு மேல். சமரசத்துக்கு இடமுள்ள வழக்கு மட்டும்தான் அங்கே எடுபடும். சாதாரணக் காயத்தை அடிபட்டவரே சம்மதித்து முடிக்கலாம், கொடுங்காயத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். நாற்பதாயிரம் என்று அங்கே எழுதினால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. தராவிட்டால் நிறைவேற்று மனுப் போட்டு வாங்கலாம். எங்கள் தம்பிக்கு வராமல் போன இருபத்தையாயிரத்தை நினைக்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும். ஆனால் அடிதடியில் இங்கே வருவது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் வழக்குதான். வழக்கு இருக்க எஃப்.ஐ.ஆரோ தனிப் புகாரோ வேண்டும். அதற்கு ஏ.ஆரில் உண்மை இருக்க வேண்டும்.

யாரும் தட்டாத வாசல்

குற்றவாளிக்குத் தண்டனை வாங்குவது ஒரு வழக்கு, பாதிக்கப்பட்டவருக்கு உதவி வாங்குவது வேறொரு வழி. இது தெரியாமல் போகிறவர்கள்தான் அதிகம். தமிழ்நாடு இதில் முன்னோடி. 1995லேயே பாதிக்கப்பட்டோர் உதவி நிதி என்று ஒன்றை ஏற்படுத்திய மாநிலம். 2009 திருத்தத்துக்குப் பிறகு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஏ பிரிவின்படி இழப்பீட்டுத் திட்டம் வந்தது. இப்போது அது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவு. பணம் தருவது குற்றவாளி அல்ல, அரசு. விண்ணப்பம் போடும் இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வட்ட அளவில் குழுக்களும் உண்டு.

குற்றவாளி விடுதலையானாலும் விண்ணப்பிக்கலாம். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். எனக்குத் தெரிந்த ஓர் அத்தை, கணவர் இல்லாதவர், பால் ஊற்றிவிட்டு வரும்போது சங்கிலியை அறுத்ததில் ரோட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. வந்தவர்கள் கிடைக்கவே இல்லை. கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு அறிவிப்புத் தாள் வீட்டுக்கு வந்தது. அதைக் கிழித்து அடுப்பில் போடப் போனார். "அத்தை, அதைக் கொடுங்க" என்று வாங்கி, எஃப்.ஐ.ஆர். நகல், ஆபரேஷன் பில், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். அந்த அறிவிப்புத் தாள்தான் விண்ணப்பத்துக்கு ஆதாரமே. ஆணைக்குழு இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்களுக்கு அதற்கு மேலும் ஆனது, நாலைந்து நடை நடக்கவும் வேண்டியிருந்தது. வந்த தொகையில் ஆபரேஷனுக்கு வாங்கிய கடனில் பாதி அடைந்தது. சங்கிலி வரவில்லை, பிடிபட்டவரும் இல்லை. ஆனாலும் அத்தை, "கவர்மெண்டு நமக்கும் ஒரு கணக்கு வெச்சிருக்குப்பா" என்றார். தாமதிக்காமல் போங்கள். விண்ணப்பத்துக்குக் கால வரம்பு இருக்கிறது. அவசர மருத்துவத்துக்கு இடைக்கால உதவி கேட்கவும் இடமுண்டு.

பெண்களுக்கென்று தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018இல் தனித் திட்டம் ஒன்றை வகுத்தது. உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் என்று அதில் தொகை இருக்கிறது. ஆசிட் வீச்சிலும் பாலியல் வன்கொடுமையிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் பணம் கேட்காமல் உடனே சிகிச்சை தர வேண்டும்.

பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நிவாரணம் தனி. பல குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். பதிந்ததும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50, தண்டனை ஆனதும் 25 என்று மூன்று கட்டமாக மாவட்ட நிர்வாகம் தருகிறது. டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள 15-ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பு, போக்குவரத்துச் செலவு, ஜாமீன் உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் அறிவிப்பும் பேசும் உரிமையும் தருகிறது. அதனால் எஃப்.ஐ.ஆரில் அந்தச் சட்டப் பிரிவைச் சேர்த்திருக்கிறார்களா என்பது வாழ்க்கையையே மாற்றும் கேள்வி. அதைச் சேர்க்காமல் சாதாரண அடிதடிப் பிரிவில் மட்டும் போட்டால், இத்தனை உரிமையும் அன்றைக்கே போய்விடும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்ற கவலைக்கும் பதில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

வழக்கு ஓடும்போது

எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது, அப்புறம் என்ன? தொண்ணூறு நாளுக்குள் புலனாய்வு எந்த மட்டில் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 193ஆம் பிரிவு சொல்கிறது. தெரிவிக்காவிட்டால் எழுதிக் கேளுங்கள். வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர். நீங்களும் ஒரு வக்கீல் வைத்து அவருக்கு உதவலாம். ஆனால் அந்த வக்கீல் சாட்சிகளை நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் கேட்க நினைப்பதை அரசு வழக்கறிஞர் வழியாகத்தான் கேட்க வேண்டும். லக்கிம்பூர் கேரியில் விவசாயிகள் மீது வண்டியை ஏற்றிய வழக்கில், 2022இல் அதே நீதிமன்றம் ஜாமீனை ரத்து செய்து, புலனாய்விலிருந்து மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்றது.

மேல்முறையீடு என்று வரும்போது டெல்டாக்காரர்களுக்கு வெண்மணி நினைவுக்கு வராமல் இருக்காது. 1968 டிசம்பர் 25. குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நிலக்கிழார்களுக்குத் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை அன்றைக்கு அரசிடம் இருந்தது, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் இல்லை. அந்த உரிமை பாதிக்கப்பட்டவருக்கு வந்ததும் 2009 டிசம்பர் 31 முதல்தான். இன்றைக்கு அது புதிய நடைமுறைச் சட்டத்தின் 413ஆம் பிரிவு. அதற்கு முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று 2018இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது.

எந்த உயர் நீதிமன்றத்துக்குப் போவது என்பதும் நமக்கு ஒரு குழப்பம். தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை சென்னையின் எல்லை. கும்பகோணத்துக்காரர் மதுரைக்குப் பஸ் ஏறும்போது, குத்தாலத்துக்காரர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும்.

காலத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். கும்பகோணம் பள்ளித் தீ விபத்து நடந்தது 2004 ஜூலை 16. 94 குழந்தைகள். தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஜூலை 30. நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்குக்கே பத்து வருடம். அதில் பத்துப் பேருக்குத் தண்டனை, பதினோரு பேருக்கு விடுதலை. இழப்பீட்டுக்காகப் பெற்றோர் தனியாக உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. "கேஸ் முடியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று இழப்பீட்டைத் தள்ளிவைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, எதை எடுப்பது? எந்தச் சண்டையானாலும் முதலில் ஆஸ்பத்திரி, அங்கே உண்மை, அதே நாளில் புகார். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. எலும்பு முறிவு, ஆயுதம், கொலை மிரட்டல், சாதியைச் சொல்லித் திட்டியது, பெண், குழந்தை என்றால் எஃப்.ஐ.ஆர். வாங்காமல் வீடு திரும்பாதீர்கள், உடனே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு விண்ணப்பம். பங்காளிக்குள், பக்கத்து வயலுக்குள் ஒரு தள்ளுமுள்ளு, தையல் போடாத காயம் என்றால் சி.எஸ்.ஆர். வாங்கிவைத்துவிட்டு ஊரில் பேசுங்கள். பேசும்போது அடிபட்டவர் வாயால் தொகை வரட்டும், முழுப் பணமும் அன்றைக்கே கைக்கு வரட்டும். தவணை என்றால் மக்கள் நீதிமன்றத்தில் எழுதுவோம் என்று சொல்லுங்கள். ஊரை விட்டு விலக்கிவைப்போம் என்று மிரட்டினால் அதையும் தனிப் புகாராக எழுதிக் கொடுங்கள்.

போன சம்பாவில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்குத் தலையில் அடி. ராத்திரி அவனைக் கூட்டிக்கொண்டு போனது எங்கள் தம்பிதான். டாக்டர் வழக்கம்போல, "என்னாச்சு?" என்றார். கூட வந்த ஒருவர், "அது ஒண்ணுமில்ல சார்…" என்று தொடங்கினார். தம்பி தன் இடது கையை, அந்த மடங்காத விரல்களோடு, அவர் தோளில் வைத்தான். "அண்ணே, இருங்க. அவனே சொல்லட்டும்."